விளாம்பிசினும் வாடைக்காற்றும்

யாழ்ப்பாண நகரிலிருந்து காங்கேசன்துறை வீதியில் வடக்கே போகப் போக மண் சிவந்துகொண்டே வருகிறது. கோண்டாவில், இணுவில், மருதனார்மடம், சுன்னாகம் என்று ஊர்கள் ஒன்றையொன்று ஒட்டியபடி வருகின்றன. மல்லாகம் தாண்டினால் தெல்லிப்பழை. நான் போனது தை மாதத்தில். மாரி ஓய்ந்திருந்தது, வாடைக்காற்று ஓயவில்லை. உழுது விட்ட செம்மண் இன்னும் ஈரம் காயாமல் கிடந்ததால் அதன் நிறம் கோடையில் இருப்பதைவிட ஆழமாகத் தெரிந்தது. வோட்டர் கலரில் படம் கீறுகிறவர்களுக்கு இந்த வித்தியாசம் கைப்பழக்கத்திலேயே தெரியும். ஈரத்தில் இருக்கும் நிறம் காய்ந்தபின் இராது.

காய்ந்த பிறகு அந்த நிறத்துக்கு என்ன நடக்கிறது என்று கேட்கத்தான் நான் வந்தேன். சஞ்சிகைகளுக்கும் சிறுவர் புத்தகங்களுக்கும் மையிலும் நீர்வண்ணத்திலும் படம் கீறுவது என் தொழில். மூலப்படத்தை வாங்குகிறவர்கள் விலைக்கு அடுத்தபடியாகக் கேட்பது, "இது எவ்வளவு காலம் இருக்கும்? மேலே ஏதாவது பூசித் தருவீர்களா?" என்பதைத்தான். தெல்லிப்பழையில் ஓய்வுபெற்ற சித்திர ஆசிரியர் ஒருவர், ஊர் இடம்பெயர்ந்த காலம் முழுவதும் கடதாசிப் படங்களைக் கெடாமல் காத்து வைத்திருக்கிறார் என்று நண்பர் ஒருவர் சொல்லியிருந்தார். ஊரில் அவரை எல்லாரும் மாஸ்ரர் என்கிறார்கள். நானும் அப்படியே எழுதுகிறேன்.

அவர் பின்னேரம்தான் வரச் சொல்லியிருந்தார். அதனால் முதலில் துர்க்கை அம்மன் கோவிலுக்குப் போனேன். தங்கம்மா அப்பாக்குட்டி அம்மையார் (1925–2008) பல காலம் தலைமை தாங்கி வளர்த்த கோவில் இது. பெண்பிள்ளைகளுக்கான இல்லம் ஒன்றும் கோவிலின் பெயரால் நடக்கிறது. இராசகோபுரத்தை அண்ணாந்து பார்த்தால் பச்சையும் நீலமும் ரோசாவுமாகச் சிலைகள் நிற்கின்றன. மழையும் உப்புக்காற்றும் உச்சி வெயிலும் நேராக விழுகிற இடம் அது. இக்காலத்தில் கோபுரங்களுக்கு எனாமலும் பூசுகிறார்கள், எமல்ஷனும் பூசுகிறார்கள். எமல்ஷன் தண்ணீரில் கலக்கிற பெயின்ற்தான். ஆனால் அதன் தண்ணீர் ஆவியாகும்போது உள்ளே மிதக்கிற நுண்ணிய பிசின் துகள்கள் நெருங்கி, ஒன்றோடொன்று உருகிச் சேர்ந்து தோல்போலப் படிந்துவிடும். பிறகு தண்ணீர் பட்டாலும் கரையாது. ஓவியர்கள் பாவிக்கும் அக்ரிலிக்கும் இதே இனம். அப்படியிருந்தும் வெயில் அதை வெளுக்கவைக்கும். ஆகவே பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கும்பாபிஷேகம் என்ற முறை இருக்கிறது. கோபுரத்தின் நிறத்தை யாரும் என்றென்றைக்குமாக மூடிப் பாதுகாக்க நினைக்கவில்லை. திரும்பத் திரும்பப் பூசினார்கள். சுவருக்கும் சிலைக்கும் அது சரி. ஒருவர் ஒருமுறை கீறிய கடதாசிப் படத்தின் மேல் இன்னொருவர் திரும்பப் பூச முடியாது.

மாஸ்ரரின் வீடு ஓர் ஒழுங்கைக்குள் இருந்தது. பழைய சுண்ணாம்புக்கல் சுவரில் பாதியும் புதுச் சீமெந்துக் கல்லில் பாதியுமாகக் கட்டிய வீடு. 1990 ஜூனில் மீண்டும் போர் மூண்டபோது வலிகாமம் வடக்கின் சனங்கள் ஊர்களை விட்டுப் போனார்கள். அதன்பின் அந்தப் பிரதேசத்தின் பெரும்பகுதி நீண்ட காலம் உயர் பாதுகாப்பு வலயமாக இருந்தது. திரும்பி வந்தவர்கள் மிஞ்சிய சுவர்களை ஒட்டி மிச்சத்தைக் கட்டினார்கள். விறாந்தையில் கதிரை போட்டு, தேநீர் தந்து, நான் எதற்கு வந்தேன் என்று சொல்லி முடிக்கு முன்னரே மாஸ்ரர் தொடங்கிவிட்டார்.

"மேலே என்னத்தைப் பூசிறது எண்டுதான் எல்லாரும் கேக்கினம், தம்பி. கீழே என்ன கடதாசி, உள்ளே என்ன மை எண்டு ஒருத்தரும் கேக்கினமில்லை."

உள்ளே போய் ஒரு படத்தை எடுத்து வந்தார். அவருடைய பழைய மாணவர் ஒருவர் எண்பதுகளில் கீறியது. துலாக் கிணறு, பக்கத்தில் வாழை, தண்ணீர் அள்ளும் பெண். அடர்த்தியாக, அழகாகக் கீறிய படம்தான். ஆனால் முழுப் படமும் தேநீர் ஊற்றியதுபோல் மஞ்சளாக இருந்தது. வாழையிலையின் பச்சை எது, நிழல் எது என்று பிரித்துப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது. படத்தைப் பாதுகாக்க வேண்டும் என்ற அன்பில் வீட்டார் கதவுக்குப் பூசும் வார்னிஸை அதன்மேல் பூசியிருக்கிறார்கள்.

இதை எடுக்க முடியாதா என்று கேட்டேன். முடியாது என்றார். நீர்வண்ணம் எப்படி ஆனது என்று பார்த்தால் ஏன் முடியாது என்பது விளங்கும். நிறப்பொடியும் வேலம் பிசினும் சேர்ந்ததுதான் நீர்வண்ணம். பிசின் மிகக் கொஞ்சம். ஆகவே நிறம் கடதாசிக்கு மேல் ஒரு படலமாக நிற்பதில்லை. நார்களுக்குள் இறங்கி அங்கங்கே தங்குகிறது, இடைவெளிகளில் கடதாசியின் வெள்ளை தெரிகிறது. அந்த வெள்ளையிலிருந்து திரும்பி வரும் ஒளிதான் நீர்வண்ணத்தின் அழகு முழுவதும். வார்னிஸ் ஊற்றினால் அது நிறத்துக்கு மேலே நிற்காமல் அதே நார்களுக்குள் இறங்கி நிறத்தோடு சேர்ந்துவிடுகிறது. பிறகு ஒன்றை விட்டு மற்றதைப் பிரிக்க வழியில்லை. எண்ணெயில் செய்த வார்னிஸ் காலத்தோடு மஞ்சளிக்கும். அது மஞ்சளிக்கும்போது கடதாசியும் சேர்ந்து மஞ்சளிக்கிறது. அக்ரிலிக் படத்தில் இந்தச் சங்கடம் குறைவு. அங்கே நிறமே ஒரு தோலாக இருப்பதால், முதலில் தெளிவான அக்ரிலிக்கால் ஒரு பூச்சுப் பூசி, அதன் மேல் கழற்றக்கூடிய வார்னிஸ் பூசலாம். அழுக்குப் படிந்தால் மேல்பூச்சை மட்டும் எடுத்துவிட்டுப் புதிதாகப் பூசலாம்.

அப்படியானால் பிசினில் கரைத்த நிறத்துக்கு மேல் நம் நாட்டில் யாருமே எதுவும் பூசவில்லையா என்று கேட்டேன். மாஸ்ரர் எழுந்து முற்றத்துக்குப் போனார். கிணற்றடிக்கு அப்பால் ஒரு விளாமரம் நின்றது. பட்டை வெடித்த இடத்தில் பிசின் கட்டியாக வடிந்திருந்தது. ஒரு துண்டைக் கிள்ளி என் கையில் வைத்தார்.

கண்டியக் காலத்து விகாரை ஓவியங்களின் நிறங்கள் இந்த விளாம்பிசினில்தான் குழைக்கப்பட்டன. யாழ்ப்பாண வேருள்ள ஆனந்த குமாரசுவாமி, மத்தியகாலச் சிங்களக் கலை பற்றி 1908இல் வெளியிட்ட பெருநூலில், கைவினைஞர்களிடமே கேட்டு இந்தச் செய்முறைகளை எழுதி வைத்தார். வெண்களிமண்ணைப் பூசித் தளம் அமைத்து, பிசினில் குழைத்த நிறங்களைத் தீட்டி, காய்ந்தபின் தொரண மரத்து எண்ணெயோடு குங்கிலிய வகைப் பிசினைச் சேர்த்துக் காய்ச்சிய பூச்சை மேலே இழுப்பார்கள். சுவருக்கும் மரத்துக்கும் அது பொருந்தியது. தண்ணீரில் கரையும் நிறத்தை எண்ணெய்ப் பிசின் மூடிக் காத்தது. பழைய விகாரைகளில் இன்றும் தெரிகிற அந்த மஞ்சள் கலந்த சிவப்பின் பளபளப்புக்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் அங்கே நிறம் ஒரு தளத்தின் மேல் அடர்த்தியாக நிற்கிறது. பூச்சு அதற்கு மேலே நிற்கிறது. பூச்சு கொஞ்சம் பழுத்தாலும் அடர்ந்த சிவப்பும் கறுப்பும் அதைத் தாங்கிக்கொள்ளும். துலாக் கிணற்றுப் படத்தின் மெல்லிய பச்சையால் தாங்க முடியாது. இரண்டிலும் தண்ணீரில் கரையும் பிசின்தான், ஆனாலும் சுவர் வேறு, கடதாசி வேறு. கடையில் ஒரு போத்தலை வாங்கி எல்லாவற்றுக்கும் பூசலாம் என்று நினைக்கிறவர்களிடம் நான் இதைத்தான் முதலில் சொல்ல விரும்புகிறேன்.

விளாம்பிசின் மாஸ்ரருக்கு வெறும் நூலறிவு அல்ல. தொண்ணூறுகளில் வடக்குக்குப் பொருளாதாரத் தடை இருந்தபோது பற்றரி, மண்ணெண்ணெய், சவர்க்காரம் என்று எதுவும் ஒழுங்காக வரவில்லை. யாழ்ப்பாணத்துச் செய்தித்தாள்கள் பள்ளிக்கொப்பியின் கோட்டுத் தாளில்கூட அச்சாகி வந்தன. செய்தித்தாளுக்கே கடதாசி இல்லாத ஊரில் வோட்டர் கலர் எங்கே கிடைக்கும்? இடம்பெயர்ந்திருந்த வீட்டில் மாஸ்ரர் விளக்குப் புகையைத் தகரத்தில் பிடித்து, அந்தக் கரியை விளாம்பிசின் தண்ணீரில் அரைத்து மை செய்து, பிள்ளைகளுக்குச் சித்திரம் படிப்பித்தார். அந்த மையில் அவரே கீறிய ஒரு படம் இருக்கிறது. றங்குப் பெட்டிகளும் சைக்கிள்களுமாக ஒரு கோவில் மண்டபத்தில் தங்கியிருந்த சனங்களின் படம். கொப்பித் தாள் பழுப்பேறி ஓரங்களில் உடைகிறது. கறுப்பு மட்டும் நேற்றுக் கீறியதுபோல் இருக்கிறது.

கரியின் குணம் அது. வெளிச்சம் எவ்வளவு பட்டாலும் கரி வெளுக்காது. ஏட்டுச் சுவடியில் எழுத்தாணி கீறிய பள்ளங்களுக்குள் நம் முன்னோர் தேய்த்ததும் கரிதான். ஆனால் மாஸ்ரரின் மையைக் கட்டிவைத்திருப்பது பிசின் மட்டும். ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தால் கலங்கிவிடும். படத்தின் இடது மூலையில் அப்படிக் கலங்கிய ஓர் இடம் இருக்கிறது. எங்கோ ஒரு கூரை ஒழுகியிருக்கிறது. கடையில் வாங்கும் இந்தியன் இங்க்கில் கரியோடு அரக்கும் சேர்ந்திருப்பதால் அது காய்ந்தால் தண்ணீருக்கு அசையாது. பவுண்டன் பேனா மையின் கதை இதற்கு நேர்மாறு. அநேகமாக அது தண்ணீரில் முழுவதும் கரைந்த சாயம். தண்ணீருக்கும் நிற்காது, வெளிச்சத்துக்கும் நிற்காது. அதில் கீறிவிட்டு மேலே என்ன பூசினாலும் ஈரத்திலிருந்துதான் தப்பலாம், வெளிச்சத்திலிருந்து பெரிதாகத் தப்ப முடியாது.

இந்தக் கொப்பித் தாள் படத்துக்கு மாஸ்ரர் எதையும் பூசவில்லை. பிரஷ் பட்டாலே கரி இழுபடும். புளிப்பேறிய தாள் ஈரத்தில் நெளியும். அமிலம் இல்லாத இரண்டு அட்டைகளுக்கு இடையில், மேல் அட்டையில் சாளரம்போல வெட்டி, படம் எதிலும் முட்டாமல் வைத்திருக்கிறார். வெயில் படாத உள்சுவரில் ஒரு அலுமாரி, நிலத்திலிருந்து உயர்த்தி வைத்தது. மாரியில் கதவைத் திறந்து காற்று விடுவார். அவ்வளவுதான் அவருடைய பாதுகாப்பு. மாரி காலத்தில் இங்கே சுண்ணாம்புக்கல் சுவர்கள் ஈரத்தை உறிஞ்சிக்கொள்கின்றன. காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு அறுபத்தைந்தைத் தாண்டி நாட்கணக்கில் நின்றால் கடதாசியில் பூஞ்சணம் பிடிக்கும். பிசினும் கடதாசிப் பசையும் அதற்கு நல்ல சாப்பாடு. கறையானுக்கும் வெள்ளிப்பூச்சிக்கும் அப்படியே.

கண்ணாடி போட்டால் போதும் என்று நினைக்கிறோம். பிறேம் போடும் கடைகளில் படத்தைக் கண்ணாடியோடு ஒட்டி வைத்து, பின்னால் ஹாட்போட் அடித்து, செலோரேப்பால் சுற்றித் தருகிறார்கள். வாடையில் குளிர்ந்த கண்ணாடியின் உட்புறத்தில் ஈரம் கோக்கும். பிசின் இளகும். காயும்போது படம் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும். அப்படி ஒட்டிய பிள்ளைகளின் படங்களை மாஸ்ரர் எனக்குக் காட்டினார். கழற்றினால் வானம் கண்ணாடியிலும் மரம் கடதாசியிலும் நிற்கும். மவுண்ட் அட்டையால் ஒரு சிறு இடைவெளி விட்டால் இது நடக்காது. பிறேமின் பின் மூலைகளில் தக்கைத் துண்டுகள் ஒட்டிச் சுவருக்கும் படத்துக்கும் நடுவே காற்று ஓட விடவேண்டும். இரண்டுக்கும் செலவு அதிகமில்லை. லாமினேற் செய்வதை அவர் அறவே வெறுக்கிறார். சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கை வாழ்நாளில் பிரிக்க முடியாது, உள்ளே இருந்த ஈரமும் உள்ளேயே இருக்கும். பள்ளிக்கூடச் சான்றிதழ்களுக்குச் செய்வதைப் படங்களுக்கும் செய்துவிடுகிறார்கள் என்று வருத்தப்பட்டார்.

வெளிச்சத்தைப் பற்றிப் பேசும்போது எடின்பரோவின் வழக்கம் ஒன்றை நான் சொன்னேன். ஹென்றி வோன் என்பவர் சேர்த்து வைத்திருந்த, ஆங்கில ஓவியர் டேர்னரின் நீர்வண்ணப் படங்கள், வோன் எழுதிவைத்தபடி 1900இல் ஸ்கொட்லாந்தின் தேசியக் கலைக்கூடத்துக்குப் போய்ச் சேர்ந்தன. ஜனவரி மாதத்தில் மட்டுமே காட்ட வேண்டும் என்பது நிபந்தனை. அங்கே வெளிச்சம் மிகக் குறைந்த மாதங்களில் ஒன்று அது. மற்ற மாதங்களில் படங்கள் இருட்டில் இருந்ததால் நிறம் கெடாமல் இருக்கிறது. மாஸ்ரர் சிரித்துக்கொண்டே முற்றத்தைக் காட்டினார். தை மாதத்துப் பின்னேர வெயில் செம்மண்ணில் கண் கூச விழுந்துகொண்டிருந்தது. "எங்களுக்கு அப்படியொரு மாசம் கடவுள் தரேல்லை. நாங்கள் பெட்டிக்குள்ளதான் அதை உண்டாக்க வேணும்."

பெட்டி என்றதும் பேச்சு ஓவியர் மாற்குவிடம் போனது. குருநகரில் பிறந்த அ. மாற்கு (1933–2000) யாழ்ப்பாணத்து நவீன ஓவியத்தின் முக்கியமான கை. பல மாணவர்களை உருவாக்கிய ஆசிரியர். எந்தப் பொருள் கிடைத்தாலும் அதில் கீறியவர். அவர் வாழ்நாளில் செய்தவற்றில் பெரும்பகுதி போரிலும் இடப்பெயர்விலும் அழிந்து போயிற்று. 1995 ஒக்ரோபர் 30இல் யாழ்ப்பாணம் முழுவதும் ஒரே இரவில் தென்மராட்சியை நோக்கி நடந்தபோது, கையில் ஒரு பிள்ளையும் தோளில் ஒரு பையும் இருக்கிறவர் சட்டம் போட்ட படத்தைத் தூக்க முடியாது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்ததை எல்லாரும் நினைத்திருக்கிறோம். வீடுகளின் சுவர்களில் விட்டுவிட்டு வந்த நீர்வண்ணங்களுக்கு ஒரு பட்டியலும் இல்லை. மாஸ்ரரிடம் இருப்பவை தப்பியதற்குக் காரணம், அவை சட்டமில்லாமல் ஓர் அட்டைக் கோப்புக்குள், மெழுகுத்தாளில் சுற்றி, சேலைகளுக்கு நடுவே றங்குப் பெட்டியில் கிடந்தன என்பதுதான். ஆகவேதான் எந்தப் படத்தையும் மரப்பலகையில் ஒட்டாதே, கழற்றி எடுக்கக்கூடியதாக வை என்று இன்றைக்கும் சொல்கிறார். அருங்காட்சியகக்காரர்கள் வேறு காரணத்துக்காக இதையே சொல்வார்கள். தெல்லிப்பழையில் இந்த அறிவு ஓட்டத்தில் வந்தது.

அச்சிட்டவை மட்டும் ஓரளவு தப்பின. 1816இல் அமெரிக்க மிசனரிகள் வந்து இறங்கிய ஊர்களில் தெல்லிப்பழையும் ஒன்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மிசனின் அச்சகம் இங்கேதான் இருந்தது. அச்சு மை எண்ணெயில் குழைத்த கரி. நனைந்த புத்தகத்தைக் காயவைத்தால் எழுத்து நிற்கும், பிரதிகளும் பல. கையால் கீறியது ஒன்றே ஒன்று.

எல்லாவற்றையும் காப்பாற்ற வேண்டும் என்றும் மாஸ்ரர் நினைக்கவில்லை. சிறுவயதில் நாடகச் சீன் கீறுகிறவர்களுக்குப் பிரஷ் கழுவிக் கொடுத்தவர் அவர். காங்கேசன்துறையின் நடிகமணி வி. வி. வைரமுத்து (1924–1989) மயான காண்டம் ஆடி ஊரூராக இரவுகளை நிறைத்த காலம். சீலையில் தூள் நிறங்களை வச்சிரப் பசையில் கரைத்து அரண்மனையும் காடும் கீறுவார்கள். அதற்கு மேல் ஒரு பூச்சும் கிடையாது. பூசினால் பெற்றோமாக்ஸ் வெளிச்சத்தில் பளபளத்துக் காட்சி தெரியாது, சுருட்டும்போது வெடிக்கும். மழையில் நனைந்த சீனைக் காயவைத்துத் திரும்பவும் கீறினார்கள். அந்தச் சீன்களில் ஒன்றுகூட மிஞ்சவில்லை என்று சொல்லும்போது அவர் முகத்தில் கவலை இல்லை. எனக்குத்தான் இருந்தது. ஒரு துண்டாவது யாராவது சுருட்டி வைத்திருக்கலாம் என்று இப்போதும் நினைக்கிறேன்.

பேசிக்கொண்டிருக்கும்போது உயர்தரத்தில் சித்திரம் படிக்கும் பிள்ளை ஒருத்தி சைக்கிளில் வந்து இறங்கினாள். கண்காட்சிக்கு வைக்கப்போகும் படத்தைக் கொண்டு வந்திருந்தாள். மாவிட்டபுரம் கோவில் தேர், இந்தியன் இங்க் கோடுகளுக்கு மேல் வோட்டர் கலர், அங்கங்கே பேனா மை. கூடவே கொழும்பிலிருந்து மாமா அனுப்பிய ஸ்பிறே வார்னிஸ் ரின் ஒன்று. இப்பவே அடிக்கட்டுமா சேர் என்று கேட்டாள்.

நீர்வண்ணத்துக்கு மேல் ஏதாவது பூசியே ஆகவேண்டும் என்றால் ஸ்பிறே ஒன்றுதான் வழி என்பதை மாஸ்ரரும் ஒத்துக்கொள்கிறார். பிரஷ் தொடுவதில்லை, ஆகவே நிறம் இழுபடாது. கண்ணாடி போட வசதியில்லாத பிள்ளைக்கு, கைபடும் கண்காட்சிக்கு, அது உதவும். ஆனால் கழற்ற முடியாது என்பதை அறிந்து செய்யவேண்டும். ஓர் அடி தள்ளி நின்று, படத்துக்கு வெளியே தொடங்கி வெளியே முடித்து, பனி விழுவதுபோல மெல்லிய பூச்சாகப் பலமுறை. ஒவ்வொன்றும் காய்ந்தபின் அடுத்தது. முதல் பூச்சிலேயே நனைய விட்டால் பேனா மை பரவிவிடும். இதையெல்லாம் அவளுக்கு விளக்கிவிட்டு, ரின்னை வாங்கித் தன் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"இண்டைக்கு வேண்டாம் பிள்ளை. வாடை நிக்கேல்லை. ஈரக்காத்தில அடிச்சால் வெள்ளை பூத்திடும்."

அது உண்மை. ஸ்பிறேயின் கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்கிறது. காற்றிலுள்ள ஈரம் அங்கே கோத்துப் பூச்சுக்குள் சிக்கிக்கொண்டு பால்போல வெளிறிவிடுகிறது. சோளகம் தொடங்கினால் செம்மண் தூசி பறந்து ஈரப் பூச்சில் ஒட்டும். இரண்டு காற்றுக்கும் நடுவே, பங்குனியில், பத்து மணிக்குப் பின், காற்றில்லாத ஒரு நாளில் விறாந்தையில் வைத்து அடிக்கலாம் என்றார். கண்காட்சி சித்திரையில்தான், நேரம் இருக்கிறது.

அதுவரைக்கும் அவளுக்கு ஒரு வேலை கொடுத்தார். படத்தில் பாவித்த மைகளும் நிறங்களும் ஒவ்வொன்றையும் அதே கடதாசியில் ஒவ்வொரு பட்டையாகப் பூச வேண்டும். ஒரு தொகுதியில் ஈரப் பஞ்சை ஒற்றி எது கரைகிறது என்று பார்க்க வேண்டும். இன்னொரு தொகுதியைப் பாதி கறுப்பு அட்டையால் மூடி, தெற்கு யன்னலில் வெயில் விழ ஒட்டி வைக்க வேண்டும். 1888இல் ரசல், அப்னி என்ற இரண்டு பிரித்தானியர் நீர்வண்ணங்கள் வெளிச்சத்தில் எப்படி வெளுக்கின்றன என்று அரசாங்கத்துக்கு அறிக்கை கொடுத்தபோது, வண்ணம் பூசிய பட்டைகளைக் கண்ணாடிக் குழாய்களில் இட்டு வெயிலில் வைத்துத்தான் சோதித்தார்கள். அந்தப் பிள்ளை கொப்பியைத் திறந்து நிறங்களின் பெயர்களை எழுதத் தொடங்கினாள். பேனா மையில் இருந்த ஊதாவைக் காட்டி, இது வெளுத்தால் என்ன செய்வது என்று கேட்டாள்.

"வெளுத்தால் அந்த இடத்தை இந்தியன் இங்க்கில திரும்பக் கீறு. பூசிறதுக்கு முதலே."